கழிவுக்கு ஒரு சீட்டு

மாங்கூழ் ஃபேக்டரியில் லேப் பார்ப்பவளிடம் கம்பெனியின் நோக்கம், கொள்கை என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, டிரம் ரெடியா, அவ்வளவுதான். ஆனால் காவேரிப்பட்டினம் பக்கம் நான் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பேச்சு லேப்பிலிருந்துதான் கிளம்பியது. எல்லோரும் எங்கெங்கோ சொல்லும் பொய் கடைசியில் வந்து சேருகிற இடம் லேப். கொள்முதலில் கண்டுகொள்ளாமல் விட்டது, பழுக்க வைப்பதில் அவசரப்பட்டது, பழம் பிரிக்கும் பெல்ட்டில் பார்த்தும் பார்க்காமல் தள்ளியது எல்லாம் கூழாகி என் மேசைக்கு வந்துவிடும்.

இந்தத் தொழிலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழுக்கு அதிகம் போவது பெங்களூரா. மற்ற ஊர்களில் கிளிமூக்கு, தோத்தாபுரி என்பார்கள். செந்தூரா, அல்போன்சா, நீலம் எல்லாம் இங்கே உண்டு, ஆனால் ஃபேக்டரிகள் ஓடுவது பெங்களூராவை நம்பித்தான். மே கடைசியில் சூடு பிடித்து ஆகஸ்ட் வாக்கில் ஓயும். காயாக வருவதைச் சேம்பர் என்கிற மூடிய அறையில் எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்து, கழுவி, பிரித்து, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, 215 கிலோ பிடிக்கும் அசெப்டிக் (கிருமி நீக்கிய) பையில் அடைத்து டிரம்முக்குள் இறக்குவோம். தோராயமாக இரண்டு டன் காய்க்கு ஒரு டன் கூழ். அது வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும், உள்நாட்டு ஜூஸ் கம்பெனிகளுக்கும் போகும்.

வருஷத்து வருமானம் முழுக்க மூன்று மாதத்துக்குள். இதுதான் எங்கள் கஷ்டத்துக்கெல்லாம் வேர். சீசனில் எதைக் கேட்டாலும் “இப்ப நேரமில்ல, முடியட்டும்” என்பார்கள். முடிந்த பிறகு கேட்க ஆள் இருக்காது. பெல்ட்டில் நின்ற பெண்கள் களை எடுக்கப் போயிருப்பார்கள், வட மாநிலப் பையன்கள் ரயில் ஏறியிருப்பார்கள், ஆபீஸில் ஜிஎஸ்டி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் எடுத்த முடிவுகளே வழக்கமாகி, வழக்கமே சட்டமாகிவிடும்.

எங்களிடம் அப்படிச் சட்டமான ஒன்று, எடை மேடையில் போடும் கழிவு.

காய் வண்டி எடை மேடையில் ஏறும். கொள்முதல் ஆள் மேலே ஏறி நாலு காயைப் புரட்டிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். இறங்கி வந்து “எட்டு போடு” என்பார். நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ கழிவு என்று அர்த்தம். தெரிந்த மண்டிக்காரர் வண்டி என்றால் நாலு, புது ஆள் என்றால் பத்து. மழை பெய்திருந்தால் எல்லோருக்கும் கூடுதலாக இரண்டு. எதற்கு எட்டு, ஏன் பத்து என்று எதுவும் எழுதப்படாது. விவசாயி கேட்டால், “பிடிக்கலன்னா திருப்பிக்கிட்டுப் போங்கண்ணா, பின்னாடி முப்பது வண்டி நிக்குது.” பறித்த காயைத் திருப்பிக்கொண்டு எங்கே போவது? மறுநாள் அதே காய்க்கு இன்னும் ரெண்டு கழிவு கூடும்.

இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் பல சீசன் பார்த்தேன், லேப் வேலை வேறு, கொள்முதல் வேறு என்று. அப்புறம் ஒரு வருஷம் ஏற்றுமதிக்குப் போன ஒரு கன்டெய்னரில் பூஞ்சை எண்ணிக்கை அதிகம் என்று வாங்கியவர் மறுத்துவிட்டார். அந்த மாதிரி எண்ணிக்கை ஏறினால் அழுகிய பழம் கூழுக்குள் போயிருக்கிறது என்றுதான் பொருள். சூடேற்றினால் கிருமி சாகும், ஆனால் பூஞ்சை இழை அங்கேயேதான் கிடக்கும், மைக்ரோஸ்கோப்பில் தெரியும்.

விசாரணை நடந்தது. யாரும் தவறு செய்யவில்லை. நிஜமாகவே, ஒவ்வொருவரும் அவரவர் கூலிக்கு உரிய வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கொள்முதலுக்குச் சராசரி விலையைக் குறைத்தால் ஊக்கத்தொகை. உற்பத்திக்கு ஷிஃப்டுக்கு இத்தனை டிரம் என்று ஊக்கத்தொகை. பெல்ட்டில் நிற்கும் பெண்களை வேகத்துக்காகத்தான் சூப்பர்வைசர் விரட்டுவார். லேப் ஒரு டிரம்மை நிறுத்தி வைத்தால் எல்லோர் பணமும் குறையும். அதனால் லேப் அக்கா என்றாலே யாருக்கும் ஆகாது.

அந்த விசாரணையின்போதுதான் எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. அந்த வாரம் வந்த காய்க்குச் சராசரியாக ஏழு சதவீதம் கழிவு போட்டிருக்கிறோம். அப்படியென்றால் நூறு டன்னுக்கு ஏழு டன் காய் வெளியே கிடந்திருக்க வேண்டும் இல்லையா? கழிவுக் குழிக்குப் போய்ப் பார்த்தேன். டிராக்டர் ஓட்டுபவரிடம் கேட்டேன். தோலும் கொட்டையும் போயிருக்கிறது. முழுக் காய் கூடைக் கணக்கில்தான் போயிருந்தது, டன் கணக்கில் இல்லை. கழித்த காய் எங்கே போனது? பெல்ட்டுக்குத்தான். காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்ட அந்த அழுகல்தான் கூழாகி, கப்பலேறி, மைக்ரோஸ்கோப்பில் மாட்டியது. விவசாயியை ஏமாற்றியதும் வாங்குபவரை ஏமாற்றியதும் இரண்டு தவறில்லை. எடை மேடையில் “எட்டு போடு” என்ற அந்த ஒரே வார்த்தைதான் இரண்டையும் செய்தது.

இதை எழுதிக்கொண்டுபோய் முதலாளியின் மகனிடம் கொடுத்தேன். எல்லோரும் சின்னவர் என்று சொல்வோம். பெங்களூரில் எம்பிஏ படித்துவிட்டு அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, “மேடம், நம்ம கம்பெனிக்கு ஒரு பொதுவான கொள்கையே இல்லாமப் போச்சு, அதுதான் பிரச்சினை” என்றார். சரிதான். ஆனால் அவர் அடுத்துச் செய்தது ஓர் ஆலோசகரைக் கூட்டி வந்தது.

ஆலோசகர் நல்ல மனிதர். ஒரு நாள் முழுக்க கிருஷ்ணகிரியில் ஒரு ஹோட்டலில் கூட்டம். குழுக் குழுவாக உட்கார்ந்து கலர் சீட்டில் எழுதி ஒட்டினோம். மாலையில் நாலு வார்த்தை கிடைத்தது: நேர்மை, தரம், குழு உணர்வு, வாடிக்கையாளர் மகிழ்ச்சி. பெரிய எழுத்தில் ஃபிளெக்ஸ் அடித்து கேட்டிலும் கேன்டீனிலும் மாட்டினார்கள். மறுநாள் காலை அந்த ‘நேர்மை’க்குக் கீழேயே வண்டி நின்றது, கொள்முதல் ஆள் ஏறிப் பார்த்தார், “எட்டு போடு.” கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சும்மா வெறும் சுவராக இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

சின்னவருக்கும் அது உறைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவரே பின்னால் இரண்டு கதை சொன்னார். அமெரிக்காவில் என்ரான் என்ற கம்பெனி. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், உயர்தரம் என்று நாலு கொள்கைகளை அச்சடித்து வைத்திருந்தது. கணக்கு மோசடியில் சிக்கி 2001 டிசம்பரில் திவாலானது. இன்னொன்று ஜான்சன் அண்ட் ஜான்சன். அவர்களுடைய கொள்கைப் பத்திரம் 1943-இல் எழுதப்பட்டது. 1970-களில் ஜேம்ஸ் பர்க் என்ற நிர்வாகி பெரிய அதிகாரிகளை உட்கார வைத்து, இதன்படி நடக்கப் போவதில்லை என்றால் சுவரிலிருந்து கிழித்துவிடலாம் என்று சவால் விட்டிருக்கிறார். வரிக்கு வரி சண்டை போட்டிருக்கிறார்கள். 1982-இல் சிகாகோ பக்கம் யாரோ அந்தக் கம்பெனியின் டைலெனால் என்ற வலி நிவாரணக் கேப்ஸ்யூலில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, அதே பர்க் தலைமையில் கம்பெனி 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அந்தச் சண்டையை முன்பே போட்டிருந்ததால்தான் அன்றைக்குத் தயங்கவில்லை என்பது சின்னவரின் கட்சி. அதே கம்பெனி பிற்காலத்தில் வேறு வழக்குகளில் நிறைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது என்று நான் சொன்னேன். ஒரு தடவை சண்டை போட்டால் எல்லாக் காலத்துக்கும் போதாது போலிருக்கிறது.

ஃபிளெக்ஸைக் கழற்றினோம். கழற்றியதை ஒரு அறிவிப்பாகச் செய்யாமல் சும்மா கழற்றியது நல்லதாகப் போயிற்று. (அந்த ஃபிளெக்ஸ் இப்போது காலி டிரம்மை மூடப் பயன்படுகிறது. நல்ல தரம், இன்னும் கிழியவில்லை.)

சீசன் முடிந்த பிறகு, ஆட்கள் ஓரளவு இருக்கும்போதே, சின்னவர் பகுதி பகுதியாகப் பேச உட்கார்ந்தார். இங்கேதான் மற்றவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. “நம்ம கம்பெனியோட நோக்கம் என்ன?” என்று கேட்டால் எல்லோரும் தரம் என்பார்கள், சம்பளம் கொடுப்பவரிடம் வேறென்ன சொல்வார்கள்? பதிலாக ஒரு கேள்வியை வைத்தோம்: இங்கே செய்கிற வேலையில் எதை வீட்டில் போய்ச் சொல்ல மாட்டீர்கள்? பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம், சொன்னவரை ஒன்றும் செய்ய மாட்டோம் என்று சின்னவரே முதலில் சொன்னார். அதோடு, அவரே தன்னுடையதை முதலில் சொன்னார். விவசாயிகளுக்குப் பதினைந்து நாளில் பணம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் இழுத்ததை மாமனார் வீட்டில் சொன்னதில்லை என்றார். அவர் மாமனாருக்கு பர்கூர் பக்கம் மாந்தோப்பு.

அதற்குப் பிறகு வாய் திறந்தது. எடை மேடை ஆபரேட்டர் தன் சொந்தச் சித்தப்பா வண்டிக்கே ஒன்பது போட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போகவில்லையாம். பெல்ட்டில் நிற்கும் ஒரு அக்கா, காம்புப் பக்கம் கறுத்த பழத்தைத் தள்ளிவிட்டு, “எம் பேத்திக்குக் கடைல ஜூஸ் வாங்கிக் குடுக்கறதில்ல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவர், லேப் ரிசல்ட் வருவதற்கு முன்பே டிரம்மை குடோனில் பின் வரிசைக்குத் தள்ளிவிடுவதைச் சொன்னார். பின்வரிசைக்குப் போனதை நிறுத்திவைக்க யாருக்கும் மனசு வராது, இழுத்து எடுப்பதே ஒரு நாள் வேலை. எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஒன்றைக் கவனித்தோம். யாரும் தனக்குக் கொள்கை இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரிடமும் இருந்தது, கேட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஏன் கழற்றினார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒரு விதியோ ஒரு ஊக்கத்தொகையோ இருந்தது.

இன்னொரு பேச்சும் வந்தது. பெரியவர் காலத்தில் இப்படி இல்லை, அப்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சிலர். சின்னவருக்கு அது பிடித்துப்போய், “அப்பா காலத்துக்குத் திரும்புவோம்” என்று ஒரு வாசகமே தயார் செய்துவிட்டார். கடைசியில் இருந்த பழைய பாய்லர் ஆபரேட்டர், “தம்பி, உங்கப்பா காலத்துல கழிவு பன்னெண்டு” என்றார். அத்தோடு பொற்காலம் முடிந்தது. நல்லதுதான். பழையதைத் தேடிப்போனால் அது எப்படி இருந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்திருப்போம். அப்பா காலத்தில் இருந்த ஒரே நல்ல வழக்கம், விவசாயி வந்தால் உட்கார வைத்து மோர் கொடுப்பது. அதைத் திரும்பக் கொண்டுவந்தோம். அதற்கு ஆலோசகர் தேவைப்படவில்லை.

கழிவை எப்படிச் சரிசெய்வது என்ற யோசனை ஊர்ப் பால் சொசைட்டியிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ரெண்டு மாடாவது இருக்கும். காலையில் பாலைக் கொண்டுபோனால் கண் முன்னால் மெஷினில் வைத்துக் கொழுப்பு இவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிஞ்சும் சத்து) இவ்வளவு, அதனால் விலை இவ்வளவு என்று சீட்டு வருகிறது. கொழுப்பு குறைந்தால் மாட்டைத்தான் திட்டுகிறார்கள், சொசைட்டியைத் திட்டுவது குறைவு. எடை மேடை ஆபரேட்டர்தான் கேட்டார், “பாலுக்கு முடியறது மாங்காய்க்கு ஏன் முடியாது?”

முடிந்தது, ஆனால் எளிதாக இல்லை. எடை மேடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒரு நீள மேசை, ஒரு தராசு. வண்டியிலிருந்து மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கூடைகளை இறக்குவோம். சில கூடைகளை நாங்கள் காட்டுவோம், சிலவற்றை விவசாயி காட்டுவார். மேசையில் கொட்டி அழுகல், அடிபட்டது, பிஞ்சு, ஈ விழுந்தது என்று நாலாகப் பிரித்துத் தனித்தனியாக எடை. அதில் வரும் சதவீதம்தான் கழிவு. சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. முக்கியமானது இனிமேல்தான்: கழித்தது கழித்ததுதான், கூழுக்குள் போகாது. பெல்ட்டில் பொறுக்கி எடுத்து வெளியே வந்த காயின் எடையைத் தினமும் பலகையில் எழுதுவோம். அன்றைக்குப் போட்ட மொத்தக் கழிவுக்குப் பக்கத்திலேயே. இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒட்டிவர வேண்டும். கழிவு அதிகமாகவும் வெளியே வந்த காய் குறைவாகவும் இருந்தால் அன்றைக்கு யாரையோ ஏமாற்றியிருக்கிறோம். விவசாயியையா, வாங்குபவரையா என்று பார்த்தால் போதும்.

ஒரு கம்பெனியில் இந்த மாதிரி ஒட்டிவர வேண்டிய இரண்டு எண்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். நேர்மையை அளக்க முடியாது என்பார்கள். அந்தப் பலகையில் அளந்துவிடலாம்.

முதல் இரண்டு வாரம் ரணகளம். மேசைப் பரிசோதனைக்கு நேரம் பிடித்தது, வண்டி வரிசை ரோட்டுக்குப் போனது, டிரைவர்கள் கத்தினார்கள். விவசாயிகள் எல்லோரும் கை தட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சில பேர், “பேசாம ஆறு போட்டு அனுப்புங்கம்மா, மேசையில கொட்டி மானத்தை வாங்காதீங்க” என்றார்கள். நல்ல காயை மேலே அடுக்கி அடியில் பிஞ்சை வைத்த மண்டிக்காரர்கள் வேறு ஃபேக்டரிக்குப் போனார்கள். கொள்முதல் ஆட்களில் ஒருவர் நின்றுவிட்டார். அவருக்கு மண்டிகளிலிருந்து தனியாக ஏதோ வந்துகொண்டிருந்தது என்று பேச்சு. சீட்டு வந்ததும் அந்தப் பேரத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும்.

ஊக்கத்தொகையை மாற்றாமல் இதெல்லாம் நின்றிருக்காது. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததை சின்னவர் உதாரணம் காட்டினார். ஊழியர்களுக்கு அளவுக்கு மீறிய விற்பனை இலக்கு கொடுத்ததில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்துவிட்டார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேரும் பிறவியிலேயே பொய்யர்களாக இருக்க முடியாதே. எங்களிடம் இப்போது டிரம் எண்ணிக்கை, அடைத்த அன்றைக்குச் சேராது. மாதிரிப் பையை இன்குபேட்டரில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்து, லேப் பாஸ் சொன்ன பிறகுதான் அந்த ஷிஃப்ட் கணக்கில் ஏறும். கொள்முதலுக்கு விலைக் குறைப்புக்கான தொகை எடுக்கப்பட்டு, வாங்கிய காயில் எத்தனை சதவீதம் நல்ல கூழானது என்பதற்கு மாற்றப்பட்டது. இப்போது கொள்முதல் ஆள் லேப்புக்கு வந்து, “மேடம், நேத்து வந்த அந்தத் தோப்புக் காய் எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறார். முன்பெல்லாம் அவர் லேப் பக்கம் வந்தது டீ குடிக்கத்தான்.

பெல்ட்டை நிறுத்தும் கயிறு தனிக் கதை. பெங்களூர் பக்கம் பிடதியில் டொயோட்டா கார் ஃபேக்டரியில் இருந்துவிட்டு எங்களிடம் மெயின்டனன்ஸுக்கு வந்த தம்பி, அங்கே லைனில் நிற்கும் எவரும் கயிறை இழுத்து நிறுத்தலாம் என்றார். பெல்ட் நீளத்துக்கும் ஒரு மஞ்சள் நைலான் கயிறு கட்டி சுவிட்சோடு இணைத்தார். எல்லோருக்கும் சொல்லியாயிற்று. யாரும் தொடவில்லை. துணி காயப் போடுகிற கயிறு மாதிரி அது பாட்டுக்குத் தொங்கியது.

அப்புறம் ஒரு இரவு ஷிஃப்டில், பேத்திக்கு ஜூஸ் வாங்கித் தராத அந்த அக்காதான் இழுத்தார். பெல்ட் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் ஃபேக்டரி முழுக்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்தார், பழக்க தோஷம், “யாரு நிறுத்துனது?” என்று குரல் உயர்ந்துவிட்டது. அக்கா பேசவில்லை. இரண்டு கையிலும் பழத்தை எடுத்து நீட்டினார். காம்பைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு, அமுக்கினால் உள்ளே விரல் போகிறது. ஒரு கூடை முழுக்க அப்படி. சூப்பர்வைசர் பழத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “அந்தச் சேம்பரைத் தனியா வைங்க” என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, “சரிக்கா, ஓட்டலாமா?” என்றார். அக்கா, “ஓட்டு” என்றார். அன்றைக்கு அந்தச் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை மாற்றிப் பேசியிருந்தால் கயிறு இன்றைக்கும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு கூட்டமும் பேச்சும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்குப் பட்டது. பயிற்சி கொடுக்க வேண்டியது கயிறை இழுப்பவருக்கு இல்லை, ஓடி வருபவருக்கு.

இதையெல்லாம் நல்ல வருஷத்தில் செய்வது பெரிதில்லை. 2025 சீசன் இருக்கிறதே, அதுதான் உரைத்துப் பார்த்தது. முந்தைய வருஷத்துக் கூழே குடோன்களில் விற்காமல் கிடந்தது, ஃபேக்டரிகள் வாங்குவதைக் குறைத்தன, விளைச்சலோ கொட்டியது. பெங்களூரா விலை பறிகூலிக்கும் கட்டாத அளவுக்கு விழுந்தது. சித்தூர் பக்கமும் இதே நிலை. ஆந்திர அரசு, கிலோவுக்கு ஃபேக்டரிகள் 8 ரூபாய், தன் பங்கு 4 ரூபாய் என்று 12 ரூபாய் அறிவித்தது. நம் பக்கத்து விவசாயிகள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்த வருஷம் நாங்கள் இருபது கழிவு போட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். “இந்த ஒரு வருஷம் மட்டும் சீட்டை நிறுத்தி வைப்போம், வரிசை சீக்கிரம் நகரும்” என்று கொள்முதலில் பேச்சு வந்தது. கணக்குப் பிரிவும் ஆதரித்தது. சின்னவர் மறுத்தார், மேசை நிற்காது என்றார். ஆனால் விற்காத கூழை வைத்துக்கொண்டு எவ்வளவு வாங்க முடியும்? வாங்கும் அளவைப் பாதிக்குக் கீழே குறைத்தார். கேட்டில் நின்ற ஒரு விவசாயி, மத்தூர் பக்கத்துக்காரர், என்னிடம் கேட்டார்: “ஏம்மா, கழிவு எவ்வளவு வேணா போட்டுக்குங்க. காயை எடுத்துக்குங்க. நேர்மையா திருப்பி அனுப்பறதுக்கு, ஏமாத்தி எடுத்துக்கிட்டா எனக்கு டீசல் காசாவது வரும்.”

இதற்கு என்ன பதில்? இன்றைக்கும் என்னிடம் இல்லை. ஒன்று செய்தோம், அதுவும் தாமதமாகத்தான். காயைப் பறித்து வண்டி ஏற்றிய பிறகு திருப்பி அனுப்புவதுதான் பெரிய கொடுமை என்று தெரிந்தது. மரத்தில் இருக்கும்போதே சொன்னால் இன்னும் சில நாள் காத்திருக்கலாம், வேறு இடம் பார்க்கலாம். அதனால் ஊர்வாரியாக டோக்கன், முந்தைய நாளே போனில் தகவல், டோக்கன் இல்லாமல் பறிக்க வேண்டாம் என்று. எடுத்துக்கொண்ட காய்க்கு வாரக் கடைசியில் பணம். மாமனார் வீட்டில் சொல்ல முடியாத அந்த விஷயத்தை சின்னவர் அந்த மோசமான வருஷத்தில்தான் சரிசெய்தார், பாங்கில் கூடுதல் கடன் வாங்கி. நல்ல வருஷத்தில் ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தால் அவரே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

சரியாகாதவையும் இருக்கின்றன. வட மாநிலப் பையன்களிடம் இந்தப் பேச்சு எதுவும் போய்ச் சேரவில்லை. இந்தி தெரிந்த ஒரே ஆள் கான்ட்ராக்டர், அவர் மொழிபெயர்த்தால் எல்லாம் “வேகமா வேலை செய்” என்று ஆகிவிடுகிறது. பெல்ட் அக்காமார்களுக்கு மூன்று மாத வேலை. மீதி ஒன்பது மாதம் எங்கள் கொள்கையை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த சீசனுக்கு முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவோம் என்று எழுதிக் கொடுக்கிறோம், பழையவர்களுக்குக் கூலி கொஞ்சம் கூடுதல். பாதிப் பேருக்கு மேல் திரும்பி வருகிறார்கள். புதியவர்களுக்குக் கயிறைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது இப்போது அவர்கள்தான், நாங்கள் யாரும் சொல்வதில்லை.

போன சீசன் முடிவில் அந்த அக்காமார் கூட்டமாக ஆபீஸுக்கு வந்தார்கள். காய்க்குச் சீட்டு கொடுக்கிறீர்கள், எங்கள் ஓவர்டைம் மட்டும் ஏன் சூப்பர்வைசரின் நோட்டில் இருக்கிறது, அன்றன்றைக்கு எங்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும், ரெண்டு பேர் கையெழுத்தோடு, என்றார்கள். கணக்குப் பிரிவு சாஃப்ட்வேர் இடம் தராது என்றது. எடை மேடைச் சீட்டு புத்தகத்தில் கையால்தானே எழுதுகிறோம் என்று நான் சொன்னேன். சின்னவர் மே மாதத்துக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறார். காலிச் சீட்டுப் புத்தகம் பத்து அடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.